கை தூக்காத தலைவி

கர்நாடக எல்லையோரம், பாகலூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த அரசுப் பள்ளியில், மேலாண்மைக் குழுத் தலைவி ஒரு மாணவியின் அம்மா. ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சீருடையிலேயே வருவார். தீர்மானத்தைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் எல்லோருக்கும் விளக்கிய பிறகே கையெழுத்திடுவார்.

மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் வராந்தாவில் நடந்தன. புதிதாகக் கட்டிய ஒரே அறை யாருக்கு என்று வாக்கெடுப்பு. அவர் மகள் ஐந்தாம் வகுப்பு. அவர் கை தூக்கவில்லை. ஒரே வாக்கு வித்தியாசத்தில் அறை மூன்றாம் வகுப்புக்குப் போனது.

"நீங்க தூக்கியிருந்தா சமமாயிருக்குமேம்மா" என்றேன்.

"எம்பொண்ணு கிளாஸுக்கு நானே எப்டி சார் தூக்கறது?"

"பொண்ணு கேட்டா?"

"கேப்பா. என்ன சொல்றதுன்னு தெரியல சார்."

அடுத்த மழையில், வராந்தாவில் அடித்த சாரலில் பையை மடியில் அணைத்தபடி அவர் மகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவர் செய்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. வேறு யாரையும் தலைவியாக நினைக்கவும் முடியவில்லை.