கத்தாமல் ஒரு நாள்

எங்கள் ஓட்டலில் கத்தத் தெரியாதவனுக்கு வேலை கிடையாது. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. கீழே டிபன் ஹால், பின்கட்டில் சமையல், மாடியில் மாநாடு, கூட்டம் நடத்துவதற்கென்று ஒரு பெரிய ஹால். மாடியில் இருப்பவர் ரவா தோசை கேட்டால், சர்வர் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து, "ஒரு ரவா, முறுகலா, வெங்காயம் தூக்கலா" என்று ராகம் போட்டு இழுப்பான். அடுப்படியிலிருந்து சரக்கு மாஸ்டர் அதையே திருப்பிச் சொல்வார். சொல்லிவிட்டால் வந்துவிடும். எழுதுவதும் கிடையாது, தப்பு நடப்பதும் கிடையாது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம் அது. மாடி ஹாலுக்கு நான்தான் சூப்பர்வைசர். இளவட்டம், நல்ல தொண்டை, அதைப் பற்றிக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தத் தொண்டைதான் என் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது.

மந்தைவெளியில் ஒரு வாத்தியார். அவர் மகளும் டீச்சர். ஆசிரியர்கள் கூட்டம் ஒன்று எங்கள் ஹாலில் நடந்தபோது அந்தப் பெண் வந்திருந்தாள். நான் படியில் நின்று காபிக்குக் குரல் கொடுப்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேறு யாராவது சிரித்திருந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை. எங்களைப் போலவே மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அத்தையை அனுப்பிப் பெண் கேட்டேன். பெண்ணுக்குச் சம்மதம். அப்பா மட்டும், "எங்க வீடு அமைதியான வீடு. கத்திப் பிழைக்கிறவனுக்கு என் மகளைத் தர்றதா இல்லை" என்று அத்தையைத் திருப்பி அனுப்பிவிட்டார். என் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. எனக்கு அவரைத் தெரியும். மாதா கோயில் வாசலில் அத்தை தூரத்திலிருந்து காட்டியிருந்தாள்.

அந்த வருஷம் ஓட்டல்காரர்கள் சங்கம், மாநாட்டு ஹால் வைத்திருக்கிற ஓட்டல்களில் சிறந்ததற்கு ஒரு வெள்ளிக் கோப்பை என்று அறிவித்தது. தியாகராய நகரில் ஒரு ஓட்டல், அடையாற்றில் ஒன்று, அப்புறம் நாங்கள். போட்டி அவ்வளவுதான். நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் திருவல்லிக்கேணி அத்தர் வியாபாரி. இன்னொருவர், கூட்டங்கள் நடத்திப் பழகியவர் என்பதால், சாட்சாத் மந்தைவெளி வாத்தியார். கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கோப்பை வாங்கின ஓட்டலின் சூப்பர்வைசருக்குப் பெண் தர மாட்டேன் என்று அவரே எப்படிச் சொல்வார்?

அமைதிக்குத் தனி மார்க் உண்டு என்று யாரோ முதலாளி காதில் போட்டுவிட்டார்கள். அவர் எங்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நாளைக்கு எவனாவது வாயத் தொறந்தீங்க, அப்டியே வூட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம். கஸ்டமர் இன்னா கேட்டாலும் கும்புட்டுட்டுச் சிரிக்கணும். அவ்ளோதான்."

அப்புறம் சைகைகள் தயாராயின. விரலை வளைத்தால் வடை. முஷ்டி பிடித்தால் இட்லி. உள்ளங்கையில் வட்டம் போட்டால் தோசை. கன்னத்தை உப்பினால் பூரி. கையை உயரத் தூக்கி இறக்கினால் காபி, அதோடு விரலை ஆட்டினால் சர்க்கரை வேண்டாம். மாடியிலிருந்து அடுப்படி தெரியாது என்பதால் படித் திருப்பத்தில் ஒருவனை நிறுத்தி, அவன் பார்த்து அப்படியே கீழே காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. ஒத்திகையிலேயே மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா நைனா இது, கன்னத்த உப்பிக்கினு நிக்கிறே. பல்லு வலின்னு நெனச்சிக்கினு கிராம்பு எடுத்தாந்தேன்."

மறுநாள் மாடியில் தையல் மெஷின் ஏஜெண்டுகளின் மாநாடு. நடுவர்கள் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் மேடையில் பேச ஆரம்பித்தார், நாங்களும் ஆரம்பித்தோம். என்ன சொல்ல, திருப்பத்தில் நின்றவனுக்குப் பிறவியிலேயே உப்பின கன்னம். அவன் சும்மா நின்றாலே மாஸ்டர் பூரி போட்டார். அவன் தலையைச் சொறிந்தபோது உப்புமா வந்தது. உப்புமாவுக்கு நாங்கள் சைகையே வைக்கவில்லை. தோசை கேட்டவருக்குப் பூரி, இட்லி கேட்டவருக்குப் பூரி, ஒன்றுமே கேட்காமல் தூங்கிக்கொண்டிருந்தவர் முன்னாலும் பூரி. தலைவர் பேசும்போது வாயைத் திறக்கக்கூடாதே என்று ஏஜெண்டுகள் வந்ததைத் தின்றார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

வாத்தியார் என்னை அருகே அழைத்தார். "தம்பி, எனக்குச் சர்க்கரை வியாதி. சர்க்கரை போடாம ஒரு காபி."

நான் கும்பிட்டுச் சிரித்தேன்.

"காதுல விழுந்ததா?"

மறுபடியும் கும்பிட்டுச் சிரித்தேன். அவர் என்னைப் பார்த்தார். கையை ஆட்டிக்கொண்டிருந்த மற்றவர்களைப் பார்த்தார். முகம் அப்படியே இளகிவிட்டது.

"பாருங்க பாய், வாய் பேச முடியாத பிள்ளைகளாப் பார்த்து வேலை குடுத்திருக்கார் இந்த மனுஷன்."

"மாஷா அல்லா, நல்ல மன்சு சார்" என்றார் அத்தர் வியாபாரி. "கோப்பைய இவருக்கே குட்த்துடலாம், இன்னா சொல்றீங்கோ?"

வாத்தியார் என் தோளைத் தட்டினார். "என்ன அடக்கம் பாருங்க முகத்துல. எனக்கும் ஒரு மக இருக்கா. இந்த மாதிரி ஒரு அமைதியான பையன் கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்துடுவேன்."

கோப்பையும் கிடைத்தாயிற்று, பெண்ணும் கிடைத்தாயிற்று. கோயிலில் சாமியார் சம்மதமா என்று கேட்கும்போது மட்டும் என்ன செய்வது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் படிக்குப் போய்க் காபிக்குக் கையைத் தூக்கி இறக்கி, விரலையும் ஆட்டிவிட்டு, எச்சில் தட்டுகளை எடுக்கப் போனேன்.

எங்கள் ஓட்டலில் சர்க்கரை போடாத காபிக்குத் தனியாக ஒரு சின்ன டம்ளர். வாத்தியார் முன்னால் சர்வர் கொண்டு வைத்தது பெரிய டம்ளர். நான் ஹாலின் அந்தக் கோடியில் நிற்கிறேன். அவர் ஆற்றிவிட்டு டம்ளரைத் தூக்குகிறார். என் இரண்டு கையிலும் மார்பு உயரத்துக்குத் தட்டுகள். சைகை காட்டக் கை இல்லை.

"சார், அதைக் குடிக்காதீங்க, சர்க்கரை போட்டிருக்கு" என்று கத்தினேன். ஹாலே திரும்பியது. கத்தின வாய் அதோடு நிற்கவில்லை. படிப்பக்கம் திரும்பி, "ஒரு வித்தவுட், ஸ்ட்ராங்கா, சூடா" என்று பழக்கத்தில் இழுத்துவிட்டது.

கீழேயிருந்து மாஸ்டர் உயிர் வந்தவராக, "ஒரு வித்தவுட், ஸ்ட்ராங்கா, சூடா" என்று பதில் கொடுத்தார். அவ்வளவுதான், அணை உடைந்தது. எல்லாச் சர்வர்களும் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கத்தித் தீர்த்தார்கள். தோசை தோசையாக வந்தது. இட்லி இட்லியாக வந்தது. ஏஜெண்டுகள் கை தட்டினார்கள். தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்துத் தலைவர் எழுந்து வணங்கினார். முதலாளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். "நீ பேசுவியா?"

"பேசுவேன் சார். கத்தவும் செய்வேன். மந்தைவெளிக்கு ஆள் அனுப்பிப் பொண்ணு கேட்டது நான்தான்."

மார்க், சைகை, உப்பின கன்னம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் சின்ன டம்ளர் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் போய்விட்டார். கோப்பை அடையாற்றுக்குப் போயிற்று. கோப்பை போனதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்தப் பெண் போய்விட்டாளே என்று மனசு விட்டுப்போய், அந்த வாரம் முழுக்க எனக்குக் குரலே எழும்பவில்லை. மாஸ்டர் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாத்தியார் தனியாக வந்தார். மாடிக்குப் போகாமல் கீழேயே ஓர் ஓரத்தில் உட்கார்ந்து என்னை வரச் சொன்னார்.

"அன்னிக்கு நடந்ததை வீட்ல சொன்னேன்" என்றார். "என் மக சிரிச்சா. கன்னத்தை உப்பிக் காட்டிட்டு மறுபடியும் சிரிச்சா. எனக்கும் அடக்க முடியல. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து என்ன விசேஷம்னு கேட்டாங்க." எதிர் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். "அவ அம்மா போன பிறகு அந்த வீட்ல ஒரு சத்தமும் கிடையாது. நான் அதைத்தான் அமைதின்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்."

எனக்குக் கண் கலங்கியது.

"நீங்க வந்து அந்த அமைதியைக் கொஞ்சம் கெடுங்க, மாப்பிள்ளை" என்றார்.