மூச்சைப் பார் என்றவள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தி. நகரில் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவளுக்கு அதற்கெல்லாம் நேரமும் கிடையாது. நீங்களும் என்னை மாதிரிதான் என்றால், சிரித்துக்கொண்டே கேளுங்கள், பரவாயில்லை. ஆனால் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மந்தைவெளியில் எங்கள் வீட்டில்.

என் கணவரின் தம்பி சரவணன் எங்களோடுதான் இருந்தான். ஏசி மெக்கானிக். அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. அந்த சந்தோஷத்தில் கூட்டாளிகளோடு பந்தயம் போட்டு, அரை பாட்டிலை ஒரே மூச்சில் குடித்திருக்கிறான். மூன்று மணிக்கு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து உள்அறையில் பாயில் மல்லாக்கப் போட்டார்கள்.

"கொஞ்சம் ஓவரா பூட்ச்சி அண்ணி. தூங்கி எழுந்தா சரியாப் பூடும்" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார்கள்.

என் கணவர் எட்டிப் பார்த்து, "வுடு, தூங்கட்டும். எழுந்தான்னா மோர் குடு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார். உள்ளே இருந்து குறட்டைச் சத்தம் வந்தது. நானும் நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் யாரோ தட்டினார்கள். ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மாள். சாம்பல் நிறக் கைத்தறிப் புடவை. அந்தக் கரையை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

"உள்ள படுத்துகினு கீறாரே, அவரு மூச்சைப் பாரும்மா."

"தூங்குறாருங்க. குடிச்சிட்டு வந்து குறட்டை விடுறாரு."

"அது குறட்டை இல்ல. தொண்டையில சளி மாதிரி களகளங்குது, கேக்கல? ஒதட்டைப் பாரு, நகத்தைப் பாரு. கிள்ளிப் பாரு, எழுந்துக்கறாரான்னு. போ, சீக்கிரம்."

இவள் யார், வாசலில் நிற்பவளுக்கு உள்அறையில் யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்கத் தோன்றவே இல்லை. கால் தானாக உள்ளே போய்விட்டது.

நம்பினால் நம்புங்கள், மல்லாக்கக் கிடந்தவன் இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தான். மேல்கால் மடங்கி, கன்னத்துக்கு அடியில் கை. வாந்தி எடுத்திருந்தான், எல்லாம் பாயில் வழிந்திருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது. நெற்றியைத் தொட்டால் சில்லென்று ஈரம். பலமாகக் கிள்ளினேன், அசைவே இல்லை. ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காக எண்ண ஆரம்பித்தேன். பத்து தாண்டிவிட்டது.

நான் கத்திய கத்தலில் ஓடிவந்த கணவர், ஒரு பக்கெட் தண்ணீரைத் தலையில் ஊற்றப் போனார். அதற்குள் நான் 108-க்குப் போன் போட்டிருந்தேன். "தண்ணி ஊத்தாதீங்க, உடம்பு இன்னும் சில்லிட்டுப் போயிடும். காபி, மோர் எதுவும் குடுக்காதீங்க. அப்படியே ஒருக்களிச்சு வெச்சுக்கிட்டுப் பக்கத்துலயே இருங்க" என்றார்கள். வாசலை எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஆம்புலன்ஸில் வந்தவர் ஆக்சிஜன் வைத்துக்கொண்டே, "யாரும்மா திருப்பிப் படுக்க வெச்சது? மல்லாக்க இருந்திருந்தா வாந்தி மூச்சுக்குழாய்ல பூந்து அங்கயே முடிஞ்சிருக்கும்" என்றார். நான் திருப்பவில்லை. கணவரும் எட்டிப் பார்த்ததோடு சரி.

தூங்கினால் இறங்கிவிடும் என்றுதானே நாங்கள் நினைத்திருந்தோம்? அப்படி இல்லையாம். வயிற்றில் மிச்சம் இருக்கும் சாராயம், ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்குமாம். மூளை மூச்சுவிடவே மறந்துபோகுமாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அந்த நிலைமையில் இருப்பவர் தானாகப் புரண்டு, காலை மடித்து அப்படிப் படுப்பது ரொம்பக் கஷ்டம் என்றும் சொன்னார்.

சரவணன் பிழைத்தான். அன்றோடு குடியை விட்டான். கல்யாணமும் ஆகி, இப்போது ஞாயிறு தவறாமல் மனைவியோடு வந்து என் கையால் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, அதே அறையில் சத்தமாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறான். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

அந்த அம்மாளைத் தெரு முழுக்க விசாரித்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. சரி, ஏதோ வழியில் போனவள், சத்தம் கேட்டுத் தட்டியிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் அவன் கண் திறந்ததும் கேட்டது இருக்கிறதே, அதைத்தான் என்னால் எதிலும் சேர்க்க முடியவில்லை. அவளைப் பற்றி அதுவரை நான் கணவரிடம்கூட வாய் திறக்கவில்லை.

"அண்ணி, என் முதுவுல கை வெச்சிகினு ஒரு அம்மா குந்திகினு இருந்திச்சே, எங்க அது? 'பயப்படாதே நைனா, வாசல்ல உங்க அண்ணிகிட்ட பேசிகினுதான் கீறேன், இப்ப வந்துடுவா'ன்னு சொல்லிச்சு."