ஸ்டெல்லா அக்கா எழுதிய பெயர்

முடிச்சூர் சாலையில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் தம்பி போன் செய்தார். “அக்கா போயிட்டாங்க சார்” என்றார். எடுத்த முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

தில்லியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். நம் நாட்டுத் தூதரகங்களுக்கு ஆள் நியமிக்கும் பிரிவின் அதிகாரி. கிழக்குத் தாம்பரத்துக்காரர். சிரித்துக்கொண்டே யார் தலையிலாவது வேலையைக் கட்டிவிடுவார்.

என் தலையில் கட்டியது, வளைகுடா நாடு ஒன்றின் தூதரகத்தில் நெடுநாள் காலியாகக் கிடந்த தமிழ் உதவியாளர் பணியிடம். அந்த வெள்ளிக்கிழமைக்குள் யாரும் பொறுப்பேற்காவிட்டால் இனி அதற்கு நிதி கிடையாது, பணியிடமே ரத்து என்று நிதிப் பிரிவு எழுதிவிட்டது. இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். அதே அலுவலகத்தில் இருந்த நான் ஐரோப்பாவுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பித்திருந்தேன். மனைவி ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டாள். அக்கா என் பெயரை எழுதி மேலிடத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று கத்தினேன்.

“கேட்டா மாட்டேன்னுவ. இந்த போஸ்ட் போச்சுன்னா திரும்ப வாங்கவே முடியாதுடா. நம்ம ஊர் ஆளு அங்க ஜெயில்ல உக்காந்துகினு இன்னா சொன்னாலும் எவனுக்கும் புரியாது.”

புதன்கிழமை அவர் முகம் வெளுத்துவிட்டது. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்திருந்தார். வியாழன் மாலைக்குள் நான் அங்கே கையெழுத்துப் போட்டாக வேண்டும். விமானமோ தாமதம். தூதரகத்துக்குள் நான் ஓடியபோது நிர்வாக அதிகாரி தோளில் பையை மாட்டியபடி, போனும் கையுமாக நின்றிருந்தார். ஒரு மணி நேரமாக இந்த அம்மாள் தன்னைக் கிளம்பவே விடவில்லை என்று அலுத்துக்கொண்டு பதிவேட்டை நீட்டினார். கையெழுத்திட்டேன்.

“போட்டுட்டியா?” என்றார் அக்கா போனில்.

“போட்டாச்சு” என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு பல மாதங்கள் அவரோடு பேசவில்லை.

அந்த மாதமே சிறையில் ஒரு பெயின்டரைப் பார்த்தேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஆள். திருட்டுப் புகார். அவர் இல்லை இல்லை என்று கதறியதை, தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். நான் கேட்டு எழுதிக் கொடுத்தேன். மறுபடி விசாரித்தார்கள். விடுதலையானார். அன்றே அக்காவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வீம்பு, கூப்பிடவில்லை. பிற்பாடு எல்லாம் பேசினோம், இதைத் தவிர.

போன மாதம் மருத்துவமனையில் மூச்சு வாங்கியபடி சொன்னார்: “உன்னைக் கேக்காம எழுதினது தப்புதான்டா. மன்னிச்சுடு.”

“பரவால்லக்கா” என்றேன், பெரிய மனசுக்காரன் மாதிரி.

நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.