காயாத சின்னத் துணிகள்

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்கு நான் காவல் இருந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் அயர்ன் செக்‌ஷனைக் கட்டி மேய்த்தவனுக்கு, கடைசியில் வாய்த்த உத்தியோகம் அது.

பிரசவத்துக்குத் துணையாக நானும் மனைவியும் போய் இறங்கிய வாரமே, ஏழாம் மாசத்தில் மகளுக்கு வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. உள்ளங்கைக்குள் அடங்கும்போல் இருந்ததைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி அடுத்த நகரத்தில். மகளோடு மனைவியும் மாப்பிள்ளையும் அங்கேயே தங்கிக்கொண்டார்கள்.

"மாமா, நீங்க ஊட்டப் பாத்துக்குங்க. ஹீட்டர் ஓடிட்டே இருக்கோணும். சன்னல மட்டும் தொறந்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் மாப்பிள்ளை. எனக்கா தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊர் மழையும் ஒரு மழையா? நம்ம பக்கம் என்றால் இடி இடித்து, கொட்டித் தீர்த்து, மறுநாள் வெயில் வந்துவிடும். அங்கே அது சிணுங்கிக்கொண்டே கிடந்தது. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு, மனைவியின் போனுக்காக உட்கார்ந்திருந்தேன். பிழைக்குமா பிழைக்காதா, அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

சும்மா உட்கார முடியாமல் ஒருநாள் மாடியில் சின்ன அறையைத் திறந்தேன். பகீரென்றது. அலமாரி நிறையக் குழந்தைத் துணி. குல்லா, கையுறை, பட்டன் வைத்த சட்டை, எல்லாம் டேக் கூடக் கழற்றாமல்! பிறக்காத பிள்ளைக்கு எங்கள் வீடுகளில் ஒரு நூல்கூட வாங்க மாட்டோம். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் லோடு லோடாகத் தைத்து அனுப்புவோம், சொந்தப் பிள்ளைக்கு மட்டும் முதல் துணி பழந்துணிதான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன என் பழைய வேட்டி ஒன்றை அதற்காகவே மனைவி பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இதெல்லாம் தெரிந்து வளர்ந்தவள்தானே இவள் என்று மகள்மேல் ஆத்திரமாக வந்தது.

அன்று சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். "ஏனுங்க, இன்னைக்குப் புள்ளை கொஞ்சம் தேவலைங்க. இப்படியே இருந்தா சீக்கிரம் சொந்தத் துணி போட்டு உடலாம்னு நர்ஸம்மா சொல்றாங்க."

முருகா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஆத்திரமெல்லாம் போன இடம் தெரியவில்லை. புதுத் துணியில் என்னென்ன மருந்து ஏறியிருக்கும் என்பது கம்பெனிக்காரனுக்குத் தெரியும். அந்தப் பிஞ்சு உடம்பு தாங்குமா? டேக்கையெல்லாம் வெட்டி, ஒன்று விடாமல் மெஷினில் போட்டுத் துவைத்துவிட்டேன். மாடிப்படிக் கம்பி, நாற்காலி முதுகு, ஹீட்டர் மேல் என்று வீடு முழுக்கக் காயப்போட்டேன். அதோடு விட்டேனா? காற்றுப் பட்டால்தானே துணி காயும் என்று சன்னல்களையும் திறந்து வைத்தேன். பிறந்ததிலிருந்து நான் கண்ட காற்று ஈரத்தை எடுத்துக்கொண்டு போகிற காற்று. அந்த ஊர்க் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டியது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. விடிந்து தொட்டுப் பார்த்தால் எல்லாம் போட்டபடியே சில்லென்று இருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். குடைகூடப் பிடிக்கவில்லை.

"பாப்பா போயிருச்சுங்க மாமா" என்றார்.

தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். துணி போட்டு அனுப்ப வேண்டும், ஒன்று எடுத்துவரச் சொன்னார்கள் என்றவர், அப்புறந்தான் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். தொங்கின துணிகளில் ஒன்றுகூடக் காய்ந்திருக்கவில்லை. நான் இருப்பதிலேயே சின்னச் சட்டையை எடுத்து, அயர்ன் பெட்டியை வைத்து அழுத்தினேன். ஆவி பறந்தது. மடிப்பில் ஈரம் போகவில்லை. மறுபடி அழுத்தினேன்.

"உடுங்க மாமா, அதுவே பாப்பாவுக்குப் பெருசுங்க" என்றார் மாப்பிள்ளை.

அதற்குள் மனைவி போனில் அழுதாள். "பொறந்த ஊட்டுக் கோடின்னு புதுசா ஒண்ணு குடுத்து உடுங்க..."

செத்தவர்களுக்குப் புதுத்துணியை, கோடியை, பிறந்த வீட்டுக்காரர்கள் போடுவது எங்கள் முறை. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. பெட்டியின் அடியிலிருந்த வேட்டியை எடுத்து, வேண்டிய அளவு கிழித்து மடித்துக் கொடுத்தேன்.

"பொறந்த புள்ளைக்கு மொதல்ல பழந்துணிதானுங்க மாப்ளை. செத்த புள்ளைக்குன்னு நான் ஒண்ணும் தர மாட்டேன்."

அவர் அதை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம்தான் எனக்குப் பயம் பிடித்தது. மறுநாள் மகள் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவாள். கதவைத் திறந்ததும் இந்தத் துணிகளையா பார்க்க வேண்டும்? சன்னல்களைச் சாத்தினேன். ஹீட்டரைக் கூட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். குல்லாவையும் தேய்த்தேன், கையுறையையும் தேய்த்தேன். ஈரம் போக ஒரே துணியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தேன். இத்தனை வருஷம் தேய்த்த துணியிலெல்லாம் இல்லாத கனம் அதில் இருந்தது. வாய்விட்டு அழுதேன். மறுநாள் கடைசித் துணியை அலமாரியில் அடுக்கி அந்த அறைக் கதவைச் சாத்தவும், வாசலில் கார் வந்து நின்றது.

மகள் உள்ளே வந்து நின்றாள். வீடெல்லாம் தேய்த்த துணி வாசனை. நான் கம்பெனியிலிருந்து வந்ததும் என் மேல் அடிக்கும் அந்த வாசனை அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம்.

"அயர்ன் பண்ணுனீங்களாப்பா?"

"என்ற சட்டைதான் அம்மிணி."

கசங்கிக் கிடந்த என் சட்டையைப் பார்த்தாள். மாடியை ஒருதரம் பார்த்தாள்.

"எல்லாத்தையுமே தேச்சுட்டீங்களாப்பா?"

"எல்லாத்தையும் தேச்சுட்டேன் கண்ணு."