விரிசல் இல்லாத கண்ணாடி

வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும், எங்கள் தங்கவயல் கிளப்பின் பாரை அவன் நேற்றுத்தான் பூட்டிவிட்டுப் போனதுபோல வைத்திருப்பவர் பார்மேன் சைலஸ். விக்டோரியா ராணி காலத்துத் தேக்கு மேடை, அதன் அடியில் கால் வைக்கப் பித்தளைக் கம்பி, பின்சுவர் நிறையப் பூ வேலைப்பாடு செய்த கண்ணாடி. சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் மேடையில் முழங்கையை ஊன்றினால் போதும், துணியோடு வந்து நிற்பார். என்னைவிட அந்தத் தேக்கைத்தான் அவர் அதிகம் தடவியிருக்கிறார் என்று அவர் மனைவி ஈவ்லின் சர்ச் வாசலிலேயே சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்ட மனிதர் அந்தக் கண்ணாடியை மட்டும் வெறுத்தார். அதில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை ஒரு விரிசல். நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை வெடித்த மாலையில் விழுந்தது. அப்போது சைலஸ் இளவயது வெயிட்டர், கையில் ட்ரேயோடு எதிரே நின்றிருந்தார். சுரங்கம் அதிர்ந்து வீட்டுச்சுவர் பிளந்தால் அன்றைக்கே சுண்ணாம்பு குழைத்துப் பூசிவிடுவோம். பிளவைத் திறந்துபோட்டால் அடுத்த சாவு அதன் வழியாக வரும் என்று எங்களுக்கு ஒரு பயம். இந்த ஒரு விரிசலைத்தான் பூச முடியவில்லை. கமிட்டியை நச்சரித்து, போன மாதம் புதுக்கண்ணாடி மாட்ட வைத்தார். பழையது இறக்கும்போதே நொறுங்கிக் குப்பை வண்டியில் போயிற்று. சைலஸ் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் பெருக்க வந்த மங்கம்மா துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். அன்று சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தவன் அவள் புருஷன் தங்கவேலு. உடலை எடுக்க வழியில்லாமல் அந்த ஆழத்துச் சுரங்கப்பாதையையே, லெவலையே, அடைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் விரிசலின் அடியில் அவள் ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். ஏதோ கடைக்கு வைக்கிற பொட்டு என்று நினைத்து, சைலஸ் மறுநாளே ஈரத்துணியால் துடைத்துவிடுவார். ஏன் வைக்கிறாய் என்று ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

"பழசு எங்கண்ணா?"

"ஒடஞ்சிபோச்சும்மா."

"அவருக்குன்னு அது ஒண்ணுதாண்ணா இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எப்போதும்போலப் பெருக்கினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் புருஷனின் சமாதியைப் பெயர்த்துக் குப்பையில் போட்ட பாவி நான் என்று ஈவ்லினிடம் புலம்பினார். ஒரு சில்லாவது கிடைக்குமா என்று ராபர்ட்சன்பேட்டை பழைய சாமான் கடைகளில் எல்லாம் விசாரித்தார். உடைந்த கண்ணாடியை யார் வைத்திருப்பார்கள்?

வெள்ளிக்கிழமை வந்தது. சாமி காரியமென்று பைபிளைத் தவிர வேறெதையும் கையில் பிடித்துப் பழகாத மனிதர், சர்ச் ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று மார்க்கெட்டில் மல்லிகையும் குங்குமமும் வாங்கிவந்து அவளிடம் நீட்டினார்.

"வெய்யிம்மா. இனிமே நான் தொடைக்கமாட்டேன்."

மங்கம்மா வாங்கிக்கொண்டாள். குங்குமத்தை விரலில் தொட்டு, கண்ணாடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"எங்கண்ணா வெக்கிறது?" என்று கேட்டாள்.