ஜப்பானியப் பாட்டும் என் இருபத்தாறு நிமிடங்களும்

வெஸ்ட் ஈலிங்கில் எங்கள் வீட்டு மேல்மாடியில் பின்னேரம் நாலு பத்துக்கு ஜப்பான் தொடங்கும். பள்ளிக்கூடத்தால் வந்த என் பேத்தி, மகனின் மகள் தர்சினி, பதினாலு படிகளையும் இரண்டிரண்டாகத் தாண்டி அறைக்குள் போவாள். அடுத்த நிமிடம் ஐந்து ஜப்பானியப் பெண்பிள்ளைகள் கசற்றில் பாடத் தொடங்குவார்கள். ஒரு பக்கத்தில் ஏழு பாட்டு, பாட்டுக்கு நாலு நிமிடம். பிறகு மறுபக்கம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி ஒருநாள் வேலிக்கு அப்பாலிருந்து, உங்கள் நாட்டுப் பாட்டு அழகாயிருக்கிறது என்றாள். அது ஜப்பான், நான் இலங்கை என்றேன். ஊர் நினைவு வரத்தானே செய்யும் என்று அனுதாபப்பட்டாள்.

மறைத்து என்ன, எனக்குப் பொறாமை. அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோதிலிருந்து அந்த நாலு பத்து என்னுடையது. இருவரும் முன்னறை யன்னலில் நின்று போகிற பஸ்களை இலக்கம் இலக்கமாக எண்ணுவோம். நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவனுக்கு எண்ணுவதைத் தவிர வேறு விளையாட்டுத் தெரியாது. பதின்மூன்று வயதில் அவளுடைய வகுப்புக்கு யூகோ வந்தாள். தகப்பனுக்கு இங்கே வேலை. டோக்கியோவிலிருந்து தன் சித்தி அனுப்பிய கசற்றை யூகோ பிரதி எடுத்துத் தர்சினிக்குக் கொடுத்தாள். அதன் பிறகு பதினாலு மாதத்தில் என் பேத்தி யன்னலுக்கு வந்தது இரண்டு தரம். அந்த ஐந்து பேரின் பிறந்தநாளும் அவளுக்குத் தெரியும், இரத்த வகைகூடத் தெரியும். என்னுடைய பிறந்தநாளைக் கேட்டேன். "சம்வேர் இன் மே?" என்றாள். நான் ஐப்பசியில் பிறந்தவன்.

அந்தக் காலத்தில் நாங்கள் ஊருக்குக் கடிதம் எழுதுவதைவிடக் கசற்றில் பேசி அனுப்புவதே அதிகம். சண்டையால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறியும் கிடைக்காது. என் தங்கச்சி பூரணத்தின் வீட்டில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சில்லு சுழல மிதிப்பார்கள். டைனமோவிலிருந்து வயர் எடுத்து ரேப்றெக்கோடர் ஓடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் நிறையப் பேசி, கொழும்புக்குப் போகிறவர் யார் கையிலாவது கொடுத்துவிடுவேன். அந்த முறை என் மேசை லாச்சியில் புதுக் கசற் இரண்டு கிடந்தன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போய்த் தர்சினியுடையதை எடுத்தேன். பாட்டு அழிபடாமலிருக்க அவள் விளிம்பில் உடைத்து வைத்திருந்த துளையைச் செலோடேப் ஒட்டி மூடினேன். முதற்பக்கத்து ஏழு பாட்டுக்கு மேலே இருபத்தாறு நிமிடம் பேசினேன். அடுத்த நாளே கசற் கொழும்புக்குப் பறந்துவிட்டது.

மூன்று நாள் வீட்டைப் புரட்டித் தேடினாள். கடைசியில் வீட்டுக்கு வந்துபோகும் யூகோதான் கொடுத்ததைத் திருப்பி எடுத்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் அவளைக் கள்ளி என்றிருக்கிறாள். யூகோ எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினாள். உண்மையைச் சொல்ல எனக்கு நாலு சந்தர்ப்பம் வந்தது. நாலையும் விட்டேன். நாலு பத்துக்கு இப்போது மேல்மாடியில் சத்தம் இல்லை. அவள் யன்னலுக்கும் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

ஏழு கிழமைக்குப் பிறகு பூரணத்தின் கடிதம் வந்தது.

"அண்ணை, உங்கடை கதைக்கு என்ரை பேத்திமார் மூண்டு பேரும் பத்து நிமிசத்திலை கால் உளையுது எண்டு இறங்கிப் போட்டாளவை. மற்றப் பக்கத்திலை சீனப் பாட்டோ என்னவோ கிடக்கு. அதுக்கெண்டால் ஒருத்தி இறங்க ஒருத்தி ஏறி நிப்பாட்டாமல் மிதிக்கிறாளவை. நீங்கள் கடைசியிலை என்ன சொன்னனீங்கள் எண்டு எனக்கு இன்னும் தெரியாது. வேறை பாட்டு இருந்தால் அனுப்பட்டாம்."

கடைசிப் பதினாறு நிமிடத்தில்தான் என் கண் ஒப்பரேஷனைப் பற்றிச் சொல்லியிருந்தேன். இரண்டு நாட்டிலும் அந்த ஐந்து பெண்பிள்ளைகளிடம் தோற்றேன். கடிதத்தைக் கொண்டுபோய்த் தர்சினிக்கு வாசித்தேன். அவளுக்குப் பாதிதான் விளங்கியது. மீதியையும், கசற்றை எடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"அப்பப்பா, யூ லெட் மீ ப்ளேம் யூகோ."

"ஓம்."

"வை?"

"நீ என்னட்டை வாறேல்லை."

அவள் கீழே இறங்கிப் போய்ப் போனை எடுத்தாள். படியில் நின்ற எனக்கு 'ஸொறி' மட்டும் கேட்டது. ஆறு தரம். திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல், சைக்கிளில் எப்படிக் கசற் ஓடும் என்று கேட்டாள். கடித உறையின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன்.

சனிக்கிழமை யூகோ வந்தாள். என்னைக் கண்டதும் குனிந்தாள். குற்றமுள்ளவன் என்பதால் நான் அவளைவிடக் கூடக் குனிந்தேன். மரியாதைக்கு அவள் இன்னும் குனிந்தாள். தர்சினி வந்து நிறுத்தியிராவிட்டால் எங்கே முடிந்திருக்குமோ தெரியாது. இருவரும் இரண்டு ரேப்றெக்கோடரை வைத்து, யூகோவின் கசற்றிலிருந்து யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பதிந்தார்கள். எனக்கு ஒரு பக்கம் வேண்டும் என்றேன். "நோ வே, த்ரீ மினிட்ஸ்" என்றாள் தர்சினி. பேரம் பேசி ஐந்துக்கு ஏற்றினேன்.

"லாஸ்ட்ல போடவா?"

"வேண்டாம் பிள்ளை. கடைசியெண்டால் இறங்கிப் போடுவாளவை. மூண்டாம் பாட்டுக்கும் நாலாம் பாட்டுக்கும் நடுவிலை விடு."

மூன்றாம் பாட்டு ஓய்ந்தது. தர்சினி பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு தலையசைத்தாள். கண் ஒப்பரேஷனை ஒன்றரை நிமிடத்தில் முடித்தேன். மற்றச் சேதிகளையும் ஓட்டமாய்ச் சொன்னேன். நான் ஒருநாளும் கண்டிராத அந்த மூன்று பிள்ளைகளிடமும் கடைசியாய்க் கேட்டுக்கொண்டேன்: "காலை எடுக்காதேங்கோ பிள்ளையள். அடுத்த பாட்டு இப்ப வருகுது."