‘போகட்டும்’ என்று எழுதியவள்

“இன்னிக்கு எத்தனை பாடி?” என்று அவளிடம் கேட்பதைக் கேட்டால் வெளியாள் வெலவெலத்துப் போவான். பம்பின் இரும்பு உறைக்கு அந்தத் தொழிற்சாலையில் பெயர் பாடி. வார்ப்புப் பிரிவிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் சிறு சுத்தியலால் தட்டி, காதுகொடுத்துக் கேட்டு, விரிசல் உண்டா இல்லையா என்று சொல்வது இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் தட்டக்கா. அவளுக்குக் கீழே ஏழு பெண்கள்.

கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கியபோது எல்லோரும் பயந்தார்கள். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வந்தது. முதலாளியின் மச்சான் வந்து கத்துவது நின்றது. இத்தனை நல்லது நடந்த பிறகுதான் பயம் முற்றியது. பழைய முதலாளி கோபித்தால் முகத்தில் தெரியும். புதியவர்களுக்கு முகம் கிடையாது, அறிக்கைதான்.

ஓர் அறிக்கை அவளைத் தேடி வந்தது. அவள் பிரிவின் மூன்று வருடச் சோதனைச் சீட்டுகளை மொழிபெயர்த்திருந்தார்கள். மூன்று சீட்டுக்கு ஒன்றில் ‘போகட்டும்’ என்று இருந்தது. குறை இருக்கிறது, போனால் போகட்டும் என்று பொருள் கொண்டுவிட்டார்கள். பிரிவை மூடி, சோதனையை வேறு நாட்டு ஆலையிடம் கொடுப்பதாக உத்தேசம். எட்டுப் பேருக்கும் வேலை போகும்.

மேனேஜர் அறையில், கணினித் திரைக்குள் புதிய கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண்.

“போகட்டும்னா என்னம்மா அர்த்தம்னு கேக்கறாங்க.”

“பார்வைக்கு வடு இருக்கு, சத்தம் சுத்தமா இருக்கு, லாரியில ஏத்தலாம்னு அர்த்தம். வடு இருக்கேன்னு அதை மட்டும் ரெண்டு தடவ தட்டுவோம்.”

“எப்படி நம்பறதுன்னு கேக்கறாங்க.”

“விரிசல் விட்டுத் திரும்பி வந்த பாடிங்களோட ஃபைலப் பாக்கச் சொல்லுங்க. அதுல ஒரே ஒரு போகட்டும் இருந்தா நான் இப்பவே கெளம்பிடறேன்.”

ஃபைல் வந்தது. திரும்பி வந்தவை ஏழு. ஏழும் ‘நல்லது’ என்று எழுதப்பட்டவை. அழகாக இருந்த ஒரே காரணத்தால் ஒரே தட்டோடு லாரி ஏறியவை. மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரைக்குள் சற்று நேரம் பேசிக்கொண்டார்கள்.

“நல்லதுக்கு ஒரு தட்டு போதும்னு சொன்னது யாருன்னு கேக்கறாங்கம்மா.”

யாரும் சொன்னதில்லை. வழக்கம், அவ்வளவுதான். ஆனால் வழக்கத்தை அறிக்கையில் எழுத முடியாது. எட்டுப் பெயர்களை எழுதலாம்.

“நான்தான் சொன்னேன்.”

அவள் திரும்பி வந்தபோது ஏழு பேரும் கை ஓய்ந்து நின்றார்கள்.

“செக்‌ஷன் இருக்கு. இனிமே எல்லாத்தையும் ரெண்டு தடவ தட்டணுமாம்.”

“நீங்கக்கா?”

“பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. நாளைலேருந்து.”

“உண்மையச் சொன்னதுக்கு இதுவா கூலி?”

“உண்மைய எங்கடி சொன்னேன்?” என்றாள். பிறகு, “ஒரு தட்டு போதும்னு சொன்னது யாருன்னு அவங்க கேட்டது சரியான கேள்விதான். இத்தனை வருஷத்துல நம்மள்ல ஒருத்தரும் கேக்கல.”

ஒருத்தி, காலையில் ஒரே தட்டோடு அடுக்கிவைத்த பாடிகளை ஒவ்வொன்றாக மறுபடி மேசைக்கு இழுக்கத் தொடங்கினாள்.